உயிரின் எழுத்தை எழுதுவோர்



சென்ற ஆண்டு மலரில் ‘கலை விழா’ என்ற தலைப்பு ‘களை விழா’ என்று அச்சாகி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆடியவர்களும் பாடியவர்களும் ஒரு வாரம் களைகளாகவே பள்ளியை வலம் வந்தோம்! மாறியது ஓர் எழுத்துதான், பொருளோ தலைகீழாகிவிட்டது. பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருளும் எழுத்தைப் பற்றியதே. ஆனால் இது காகிதத்து எழுத்தன்று. நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இறைவன் வைத்திருக்கும் எழுத்து. அதை இதுகாறும் வாசித்து வந்த மனிதன் இப்பொழுது எழுதவும் தொடங்கிவிட்டான். எழுதுகிற கை யாருடையது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில் எழுத்தை அறிந்துகொள்வோம். டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இவை இணையிணையாக நிற்கும்; ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இந்த இழைகள் குரோமோசோம்களாகச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. மனிதனுக்கு இருபத்து மூன்று ஜோடிகள். ஒரு முழுத் தொகுதியில் உள்ள எழுத்து இணைகள் ஏறத்தாழ 300 கோடி. இத்தொகுதியையே ஜீனோம் என்கிறோம். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபின் விதிகளை முதன்முதலில் கண்டவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். 1865-ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வாசித்தபோது இப்படியோர் எழுத்து உண்டென்பதை யாரும் அறியார். 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003-இல் அந்த எழுத்துகளில் பெரும்பகுதியை வாசித்து முடித்தது. விடுபட்டிருந்த இடங்கள் நிரம்ப 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசிப்பது ஒன்று, எழுதுவது வேறு. இதை உணர்த்த எங்கள் சிஸ்டர் ஒரு நாள் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். அவர்கள் ஏ, டி, ஜி, சி என்று 77 எழுத்துகளைச் சீராக வாசிக்க, நாங்கள் அனைவரும் எழுதினோம். பிழையின்றி எழுதியவர்கள் பாதிக்குச் சற்று மேல். ஒருத்தி நடுவில் ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அதற்குப் பின் வந்தவை யாவும் ஓரிடம் முன்னே நகர்ந்து நின்றன. டி.என்.ஏ.வை உயிரணு மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ஆகவே ஒன்று விடுபட்டால் அதன் பிறகு வருகிற சொல் எல்லாம் பிழை.

ஏன் எழுபத்தேழு? மனிதன் முதன்முதலில் முழுமையாக எழுதிய ஜீனின் நீளம் அது. எழுதியது ஹர் கோவிந்த் குரானாவின் குழு.

குரானாவின் வரலாற்றை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். 1922-இல் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊரில் நூறு பேர்தான். தந்தை கிராமத்தில் வரிக் கணக்கு எழுதுபவர். எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவ்வூரில் அநேகமாக அது ஒன்றே. 1945-இல் இந்திய அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லிவர்ப்பூலில் 1948-இல் பி.எச்டி. பட்டம் பெற்றார். அடுத்த ஓராண்டு சுவிட்சர்லாந்தில், சூரிக் நகரில் பேராசிரியர் பிரெலாக்கிடம் ஆராய்ச்சி. 1949-இல் தாயகம் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை! மறுபடியும் கப்பலேறி, கேம்பிரிட்ஜில் பேராசிரியர் டாடின் கூடத்தில் 1952 வரை பணியாற்றினார். அங்கேதான் புரதங்களிலும் நியூக்ளிக் அமிலங்களிலும் அவர் மனம் சென்றது. பிறகு கனடா, அதன் பின் அமெரிக்கா. 1968-இல் நோபல் பரிசு.

பட்டம் பெற்ற பின் குரானா சூரிக்கிலும் கேம்பிரிட்ஜிலும் கழித்த அந்த நிலைக்குத்தான் ‘போஸ்ட்டாக்’ என்று பெயர். தமிழில் முனைவர் பட்டத்திற்குப் பிந்திய ஆய்வாளர் எனலாம். பெயர் நீளமாயிருப்பதால் நாங்களும் போஸ்ட்டாக் என்றே எழுதுகிறோம். எம்.எஸ்ஸி. முடித்து, மேலும் ஐந்தாறு ஆண்டுகள் பாடுபட்டு பி.எச்டி. பெற்றவர் மறுநாளே பேராசிரியர் ஆகிவிடுவதில்லை. வேறொருவருடைய ஆய்வுக்கூடத்தில், ஓராண்டு ஈராண்டு என்ற தவணையில், உதவித்தொகைக்கு வேலை செய்கிறார். தவணை முடிந்தால் புதுப்பிக்கலாம்; புதுப்பிக்காமலும் போகலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் உள்ள வீடுகளில் வளரும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாம் ‘காண்ட்ராக்ட்’ என்போமே, அதுதான். மிக உயர்ந்த படிப்பைப் படித்துவிட்டுச் செய்யும் காண்ட்ராக்ட் வேலை.

குரானாவின் குழு அந்த 77 எழுத்து இணைகளை எழுதி முடித்ததாக 1970-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அது ஈஸ்ட்டிலுள்ள ஒரு சிறு ஜீன். அதன் எழுத்து வரிசையை அறிய வழி செய்தவர் ராபர்ட் ஹோலி. அது நடந்தது 1965-இல். ஆக ஐந்து ஆண்டுகள், 77 எழுத்துகள்! கட்டுரையின் தலைப்பின் கீழே பதின்மூன்று பெயர்கள் உள்ளன. குரானா ஒருவர், மற்றவர்கள் ஜப்பான், நார்வே, இத்தாலி, இந்தியா என்று பல நாடுகளிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்தவர்கள். அப்பெயர்களில் ஒன்று எய்கோ ஓட்சுகா. ஜப்பானிலிருந்து வந்து அக்கூடத்தில் பணியாற்றிய பெண்மணி. பிற்காலத்தில் ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியை. இன்னொரு பெயர் மார்வின் காருதர்ஸ். குரானாவிடம் போஸ்ட்டாக்காக இருந்த இவர், பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எழுத்துகளை வேகமாகக் கோக்கும் ரசாயன முறையை 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். இன்று டி.என்.ஏ. எழுதும் இயந்திரங்கள் ஓடுவது அந்த முறையால்தான்.

இயந்திரம் வந்துவிட்டதே, இனிக் கவலை என்ன என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. ஓர் எழுத்தைக் கோக்கும்போது நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது சரியாக அமைகின்றன என்று வைத்துக்கொள்வோம். நல்ல மதிப்பெண்தான். ஆனால் இருபது எழுத்து கோத்தபின் குறையற்ற இழைகள் நூற்றுக்கு 82-ஆகக் குறைகின்றன. நூறு எழுத்தில் 37. இருநூறு எழுத்தில் 13. மேலே போகப் போகக் குப்பைதான் மிஞ்சும். ஆகவே இயந்திரம் சிறு சிறு துண்டுகளை மட்டுமே எழுதித் தரும். அவற்றைச் சேர்ப்பதும், சேர்த்ததைச் சோதிப்பதும், பிழையானதைக் கழிப்பதும் மனிதக் கைகளின் வேலை. கம்பெனியில் ஓர் அளவு பிசகினால் ஒரு ‘லாட்’ முழுவதும் திரும்பி வந்துவிடும் என்று வீட்டில் பேசக் கேட்டிருக்கிறோம் அல்லவா? இங்கேயும் அதே கதை.

அந்தக் கைகளுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் உள்ளது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் போகே என்பவர் ஈஸ்ட்டின் குரோமோசோம்கள் அனைத்தையும் புதிதாக எழுதும் திட்டத்தைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் அதே பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த பேராசிரியர் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரன். ஈஸ்ட் என்றதும் ரொட்டி நினைவுக்கு வரும். நம் பாட்டிமார் ஆப்ப மாவு பொங்கக் கள் ஊற்றுவார்களே, அந்தக் கள்ளிலும் இருப்பது இதுதான். (பாட்டி ஊற்றியது பலகாரத்திற்காக மட்டுமே என்று இங்கே பதிவு செய்து வைக்கிறோம்!) ஈஸ்ட்டுக்குப் பதினாறு குரோமோசோம்கள், மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் எழுத்துகள். பாக்டீரியாவைப் போலன்றி, நம் உயிரணுக்களைப் போலவே ஈஸ்ட்டுக்கும் உட்கரு உண்டு. ஆகவே மனித எழுத்துக்குப் போகும் வழியில் இது நல்லதொரு படி.

முதலில் எழுதி முடிக்கப்பட்ட முழுக் குரோமோசோம் மூன்றாவது குரோமோசோம். இயற்கையில் அதற்கு 3,16,617 எழுத்துகள். தேவையற்றவை எனக் கருதிய பகுதிகளை நீக்கிவிட்டு 2,72,871 எழுத்துகளில் புதிதாக எழுதினார்கள். பக்கத்திற்கு இரண்டாயிரம் எழுத்து என்று கொண்டால் 136 பக்கம் வரும். ஏறக்குறைய நம் ஆண்டு மலர் ஒன்றின் அளவு. 2014-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த அக்கட்டுரையின் முதற்பெயர் நாராயண அன்னலூரு. சந்திரசேகரனின் கூடத்துப் போஸ்ட்டாக். அடுத்தடுத்து ஹெலாய்ஸ் முல்லர், லெஸ்லி மிட்செல் என்ற இரு பெண்கள். நான்காவது பெயர் சிவப்பிரகாஷ் ராமலிங்கம்; இவரும் அதே கூடத்தில் போஸ்ட்டாக்காக இருந்தவரே.

அப்பெயர்களை அடுத்து நீண்ட வரிசையாகக் கல்லூரி மாணவ மாணவியர் பெயர்கள்! 2007 முதல் அங்கே ‘ஜீனோம் கட்டுவோம்’ என்றே ஒரு பாடம் நடந்தது. இளங்கலை மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் சில பங்குகள் கொடுக்கப்படும். ஒவ்வொரு பங்கும் சுமார் 750 எழுத்து. மொத்தத்தை எழுநூற்றைம்பதால் வகுத்துப் பாருங்கள். முந்நூற்று அறுபதுக்கு மேற்பட்ட துண்டுகள். நம்மைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள் வகுப்பு நேரத்தில் செய்த துண்டுகள் ஓர் உயிரினுள் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

வேலை எப்படி நடக்கிறது? எழுத வேண்டிய வரிசை கணினியில் வரையப்படுகிறது. அதை அறுபது எழுபது எழுத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முனையும் அடுத்ததன் முனையோடு ஒத்துப்போகுமாறு இயந்திரத்தில் செய்கிறார்கள். கொரோனாக் காலத்தில் நாமெல்லாரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். முறையில் துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து 750 எழுத்து நீளம் பெறுகின்றன. அதைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தட்டில் வளர விடுகிறார்கள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் தோன்றும். சிலவற்றைத் தொட்டெடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வை வாசிக்க அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையேல் வேறு புள்ளி. எல்லாம் பிழையென்றால் மீண்டும் முதலிலிருந்து.

இப்படித் தேறிய துண்டுகளை இரண்டாயிரம், நாலாயிரம் எழுத்து நீளத்திற்குச் சேர்த்த பிறகு ஈஸ்ட்டின் முறை வருகிறது. ஒத்த முனையுள்ள டி.என்.ஏ. கிடைத்தால் பழையதை நீக்கிப் புதியதை அதே இடத்தில் பொருத்திக்கொள்ளும் இயல்பு ஈஸ்ட்டுக்கு உண்டு. ஆனால் லட்சக்கணக்கான அணுக்களில் எது பொருத்திக்கொண்டது என்று கண்டுபிடிப்பது எப்படி? இதில் ஓர் அழகிய தந்திரம் இருக்கிறது. லூசின், யூராசில் என்ற இரு சத்துகளைத் தானே செய்துகொள்ள முடியாத ஈஸ்ட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பகுதியின் கடைசியில் லூசின் செய்யும் ஜீனை வைத்து அனுப்புகிறார்கள். லூசின் இல்லாத தட்டில் எது பிழைக்கிறதோ அது பகுதியை ஏற்றுக்கொண்டது. அடுத்த பகுதியின் கடைசியில் யூராசில் ஜீன்; அது பொருந்தும்போது முன்னர் வைத்த லூசின் ஜீன் அழிந்துபோகும். இவ்வாறு மாற்றி மாற்றிப் பதினொரு சுற்றில் முழுக் குரோமோசோமும் புதிதாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் தட்டில் ஈஸ்ட் வளர இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஞாயிறு என்றும் நவநாள் என்றும் ஈஸ்ட்டுக்குத் தெரியாது. எப்பொழுது வளர்ந்து நிற்கிறதோ அப்பொழுது ஆள் அங்கே நிற்க வேண்டும்.

இறுதியில் புதிய ஈஸ்ட் பழைய ஈஸ்ட்டைப் போலவே வளர்ந்தது. பதினாறு குரோமோசோம்களில் கடைசியானது முடிந்த செய்தி 2025 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

பிழை ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளில் ஒரு பாக்டீரியாவின் ஜீனோமை எழுதியது. எல்லாம் சேர்த்தும் உயிர் வரவில்லை. பல வாரம் தேடிய பிறகு, இன்றியமையாத ஒரு ஜீனில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது தெரிந்தது. அதைத் திருத்தியதும் உயிர் வந்தது. எங்கள் வகுப்பில் எழுத்தை விட்டவள் இச்செய்தியைக் கேட்டுப் பெரிதும் ஆறுதல் அடைந்தாள்.

இனி மனிதனுக்கு வருவோம். நம் ஜீனோமைப் பக்கத்திற்கு இரண்டாயிரம் எழுத்தாக அச்சிட்டால் பதினைந்து லட்சம் பக்கம். பதினோராயிரம் ஆண்டு மலர்கள். நீளம் மட்டுமன்று சிக்கல். நீண்ட டி.என்.ஏ. இழை குழாயில் உறிஞ்சும்போதே அறுந்துபோகும். மேலும் மனித உயிரணு ஈஸ்ட்டைப் போல் புதிய துண்டை எளிதில் பொருத்திக்கொள்வதில்லை. குறிப்பிட்ட இடத்தில் பழைய இழையை வெட்டினால் சற்று இசைந்துவரும். அப்படி வேண்டிய இடத்தில் வெட்டும் கத்திரி ஒன்றை 1996-இல் உருவாக்கியது முன்னே கண்ட சந்திரசேகரனின் கூடம்தான். ‘துத்தநாக விரல்’ நொதி என்று அதற்குப் பெயர். அதைவிட எளிய கத்திரியான கிரிஸ்பரை 2012-இல் அறிவித்த ஜெனிஃபர் டௌட்னா, இம்மானுவேல் ஷார்பென்டியர் ஆகிய இரு பெண்களும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவர்களுள் ஷார்பென்டியர் தம் ஆராய்ச்சி வாழ்வில் ஐந்து நாடுகளில் மூட்டை முடிச்சோடு குடியேறியவர்.

மனித ஜீனோமை எழுத வேண்டும் என்ற திட்டத்தை போகே, ஜார்ஜ் சர்ச் முதலிய விஞ்ஞானிகள் 2016-இல் வெளியிட்டனர். அதற்கு முன் ஹார்வர்டில் கதவை மூடிக்கொண்டு கூட்டம் நடத்தியதால் கண்டனம் எழுந்தது. ‘செய்ய முடியுமா என்பதற்கு முன், செய்யலாமா என்று எல்லோரையும் கேட்க வேண்டாவா?’ என்பதே கேள்வி. 2025 ஜூனில் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை ஒரு கோடி பவுண்டு ஒதுக்கி, ஜேசன் சின் தலைமையில் செயற்கை மனித ஜீனோம் திட்டத்தை அறிவித்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், கென்ட் பல்கலைக்கழகங்களும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது. முழு மனித ஜீனோம் இப்போதைய இலக்கன்று; மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு வரக்கூடிய ஒரு குரோமோசோமை எழுதிக் காட்டுவதே முதல் முயற்சி. வேலை சோதனைக் குழாயையும் கண்ணாடித் தட்டையும் தாண்டாது என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன்? முழு ஜீனோமை எழுதுவதன் பயன் இன்னும் வாக்குறுதியாகவே இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு ஜீனை மட்டும் எழுதிச் சேர்ப்பதன் பயன் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய இரத்த மூல அணுக்களிலேயே உறையச் செய்யும் ஜீனைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை. ஈஸ்ட் கட்டுரையின் நான்காம் பெயராகிய சிவப்பிரகாஷ் ராமலிங்கமும் டெல்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, அரிவாள் அணுச்சோகை நோய்க்கு ஜீனைத் திருத்தும் சிகிச்சைக்காகப் பணியாற்றலானார்.

மறுபக்கமும் உண்டு. 2018 நவம்பரில் சீனாவைச் சேர்ந்த ஹெ ஜியான்குய், கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். உலகமே திடுக்கிட்டது. நோயாளியின் இரத்தத்தில் செய்யும் மாற்றம் அவரோடு முடியும். கருவில் செய்யும் மாற்றமோ பேரன் பேத்திகளுக்கும் போகும். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடன் பணிபுரிந்த இருவரும் தண்டனை பெற்றனர். இந்தச் செய்தியில் எங்களை நிறுத்தியது அதுதான். திட்டம் போட்டவர் ஒருவர். ஊசியையும் குழாயையும் பிடித்த கைகள் வேறு. ‘மேலே சொன்னார்கள், செய்தேன்’ என்று சொல்லி அக்கைகள் தப்ப முடியவில்லை. ஆனால் தவணையில் வேலை பார்ப்பவர், அடுத்த ஆண்டுத் தவணையைப் புதுப்பிக்க வேண்டிய அதே மனிதரிடம் போய், ‘இதை நான் செய்ய மாட்டேன்’ என்று சொல்வது எளிதா? எங்கள் வகுப்பு இதில் இரண்டாகப் பிரிந்தது. தகப்பனார் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒருத்தி, ‘வாய் திறந்தால் மறுநாள் கேட்டில் பாஸ் இருக்காது’ என்றாள். அதற்கு யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நம் திருச்சபை இதைப் பற்றிச் சொல்லியிருப்பதை சிஸ்டர் எடுத்துச் சொன்னார்கள். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ என்ற மனித மாண்பு பற்றிய ஏடு, நோயுற்றவரின் உடல் அணுக்களில் ஜீனைச் சரிசெய்வதைக் கொள்கையளவில் ஏற்கிறது. வழிவழியாகப் பிள்ளைகளுக்குச் செல்லும் மாற்றத்தையோ இன்றைய நிலையில் ஏற்கவில்லை. நம் நாட்டில் 2019-இல் வெளியிடப்பட்ட ஜீன் சிகிச்சை வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய அதே கோட்டைத்தான் போட்டுள்ளன; கருவழி மாற்றத்திற்குத் தடை. திருச்சபையும் அரசு வழிகாட்டுதலும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை எங்களில் சிலர் வியப்போடு குறித்துக்கொண்டோம்.

இத்துறைக்குப் போக விரும்புவோர் கேட்கும் கேள்விக்கும் வருவோம். பிளஸ் டூவில் உயிரியலும் வேதியியலும், அதன்பின் பி.எஸ்ஸி., பயோடெக்னாலஜியில் எம்.எஸ்ஸி. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் இதற்குப் பெயர் பெற்றவை. பிறகு நெட் தேர்வில் தேறினால் பி.எச்டி.க்கு உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. முடிக்கும்போது வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது. போஸ்ட்டாக் தொடங்குவது அப்பொழுதுதான்! வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் சரியாக அதே வயதில் உச்சத்தில் இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது பொய் சொல்வதாகும். குழந்தை பிறந்து இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்ட பெண்கள் திரும்பி வர வழியின்றித் தவிப்பதைக் கண்டு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் மகளிர் விஞ்ஞானித் திட்டத்தைத் தொடங்கியது. வழி இருக்கிறது, குறுகலான வழி.

கடைசியாக ஒன்று. எழுதுவதென்றால் பார்த்து எழுத ஒரு மாதிரி வேண்டுமே, அது யாருடைய எழுத்து? உலகம் நெடுங்காலம் பயன்படுத்திய மாதிரி ஜீனோமில் நூற்றுக்கு எழுபது பங்கு, அமெரிக்காவில் பஃபலோ நகரச் செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து 1997-இல் இரத்தம் கொடுக்க வந்த பெயர் தெரியாத ஒரே மனிதருடையது. பழவேற்காட்டு மீனவர் எழுத்தோ, திருவள்ளூர் இருளர் எழுத்தோ அதில் ஏது? இக்குறையைப் போக்க நம் நாட்டின் ஜீனோம் இந்தியா திட்டம் பல இனக் குழுக்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரின் எழுத்தை வாசித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்தது. இங்கிலாந்துத் திட்டத்திலும் கென்ட் பல்கலைக்கழகத்தின் ஜாய் ஜாங் என்ற பெண்மணி தலைமையில் ஒரு குழு, இதைப் பற்றிப் பல நாட்டு மக்களிடம் கருத்துக் கேட்பதற்கென்றே அமைந்துள்ளது. கேட்டால் என்ன சொல்வோம் என்று எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்தோம். தாள்கள் உயிரியல் ஆய்வுக்கூடத்து அறிவிப்புப் பலகையில், நாங்கள் பிழையோடு எழுதிய எழுபத்தேழு எழுத்துத் தாள்களின் பக்கத்திலேயே குத்தி வைக்கப்பட்டுள்ளன. மதிய இடைவேளையில் வந்து படிக்கலாம். உங்கள் தாளையும் சேர்க்கலாம்.